கூடுதல் நூற்றெண்பது கிலோ

ஏனாத்தூர்
9 ஜூன் 2025

சம்பந்தி குமாரவேல் அவர்களுக்கு,

ஏனாத்தூர் தாவீது எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் என் வண்டியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் நீல டிக் மட்டும் வருகிறது. பக்கத்து ஊர் காஞ்சிபுரத்துக்குத் தபால் தலை ஒட்டுகிறேனே என்று போஸ்ட் ஆபீஸ் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

கல்யாணப் பேச்சை எடுத்துச் சண்டைக்கு வரவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் லோகேஷும் என் திரிஷாவும் இரண்டு வீட்டிலும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. அப்போது நான் தாம்பாளம் எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர்கூட உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றீர்கள். திரும்பி வந்துவிட்டேன். என் மகள் இன்றுவரை உங்கள் வாசற்படி மிதித்ததில்லை. அது எனக்கு இருக்கிற வலி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயம்.

பிள்ளைகள் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். வீடு எங்கே இருந்தால் கம்பெனிக்கு என்ன என்று இப்போது புறப்பட்டுவிட்டார்கள். ஆறு மாதம் ஊர் ஊராகச் சுற்றி இமயமலை வரை போகப் போகிறார்களாம். அதற்கு என் பிக்கப் வண்டியைக் கேட்டார்கள், சரி என்று விட்டேன். அதன் முதுகில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு அறை கட்டுகிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. அறையை நாலு காலில் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துக் கீழே நுழைத்தால் அறை வண்டியில் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாதபோது இறக்கி வைத்துவிட்டு நான் லோடு அடிக்கலாம். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை.

அறை எவ்வளவு எடை என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி அறுநூறு கிலோ என்றார். எந்தத் தராசில் போட்டீர்கள் என்றால், "மாடல்ல அப்டி வருது மாமா" என்கிறார். இறக்கத்தில் அதிக எடையோடு போகிற வண்டி பிரேக்கை மதிக்காது. அதில் உட்காரப் போவது என் மகளும் உங்கள் மகனும். அறை கட்டுகிற தேவேந்திரன் பட்டறை உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். நான் கேட்டால் "எல்லாம் தாங்கும்ணா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். நீங்கள் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.

தாவீது


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
14 ஜூன் 2025

திரு. தாவீது அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு தறி இருக்கிறது, ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலைகள் இருக்கின்றன. ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவதை மேற்பார்வை பார்க்க எனக்கு நேரம் இல்லை. என் மகன் என்னிடம் ஆலோசனை கேட்டு எதையும் செய்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இருந்தாலும் சர்வதீர்த்தக் குளம் பக்கம் போக வேண்டியிருந்தது, வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். இரும்புச் சட்டம் நிற்கிறது. பலகை அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பார்க்கப் பூட்டு போட்ட பெட்டிக்கடை மாதிரி இருக்கிறது. தேவேந்திரன் எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பதே தெரியாமல் அறையின் எடையைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? அதை முதலில் எழுதுங்கள். என் மனைவி தில்லையம்மாளுக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அ. குமாரவேல்


ஏனாத்தூர்
18 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் திரு. போட்டாலும் நான் சம்பந்தி என்றுதான் எழுதுவேன். கேட்டது நல்ல கேள்வி, உங்கள் பிள்ளை கேட்காத கேள்வி.

வண்டியும் சுமையும் சேர்ந்து 2990 கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஆர்.சி.யில் இருக்கிறது. வெறும் வண்டி 1690 என்றும் அதிலேயே இருக்கிறது. கழித்தால் 1300. மாப்பிள்ளை இந்த 1300-ஐப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு இடம் இருக்கிறதே மாமா என்கிறார். அந்த 1690 வண்டி ஷோரூமை விட்டு வந்த அன்றைய எடை. அதற்குப் பிறகு நான் தரைக்கு இரும்புத் தகடு அடித்தேன், மேலே கேரியர் போட்டேன், முன்னால் பம்பர் மாற்றினேன். போன வாரம் டீசலை நிரப்பிக்கொண்டு எடை மேடையில் ஏற்றினேன். 1810 காட்டுகிறது. கல்யாணமான புதிதில் நான் இருந்த எடையைச் சொல்லி இப்போது எனக்குச் சட்டை தைக்க முடியுமா?

ஆக மிச்சம் 1180. பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து 130. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ, இதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். காஸ் சிலிண்டர், பேட்டரி, படுக்கை, துணிமணி, சட்டிபானை எல்லாம் சேர்த்து 200 வைத்தேன். மீதி 750. அந்த விளிம்பில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. மலை ஏற்றத்துக்காக ஒரு நூறு கிலோ தொடாமல் விடுவேன். அறை 650-க்கு மேல் போகக்கூடாது. எல்லாம் ஏறிய பிறகு மேடையில் 2890-க்கு மேல் காட்டினால் வண்டிச் சாவி என் பாக்கெட்டை விட்டு வெளியே வராது.

இன்னொன்று. எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் வைத்துவிட்டால் வண்டி பின்னால் உட்கார்ந்து, முன் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. தொட்டி பின் அச்சுக்கு முன்னால் வரட்டும். தேவேந்திரனிடம் நீங்கள் சொன்னால் கேட்பான். உங்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

தாவீது


பிள்ளையார்பாளையம்
2 ஜூலை 2025

திரு. தாவீது அவர்களுக்கு,

என் முகத்தைப் பற்றிய உங்கள் கருத்துக்கு நன்றி. தொட்டியை முன்னால் நகர்த்தச் சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டான். நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன், என் சொந்த அறிவு போல நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

அறையின் எடையைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டி முடிக்காத அறையை மேடையில் ஏற்ற முடியாது. ஆனால் பட்டுக்காரனுக்கு அது ஒரு பெரிய காரியம் இல்லை. ஒரு சேலைக்கு எவ்வளவு ஜரிகை ஆகும் என்று ஒரு சாண் நெய்து பார்த்தே சொல்லிவிடுவோம். பட்டறையில் கிடந்த ஒட்டுப்பலகைத் துண்டில் ஒரு சதுர அடி அறுத்து எடுத்துவந்தேன். நூல் நிறுக்கும் தராசில் போட்டேன், ஆயிரத்து நூறு கிராம். இரும்புக் குழாயும் அதே மாதிரி ஒரு அடி. பிறகு அறையை அளந்து பெருக்கினேன். கதவு, ஜன்னல், நாலு கால் தனிக் கணக்கு. நான் மேல்துண்டோடு ஏணியில் ஏறி அளப்பதைத் தேவேந்திரன் ஆட்கள் போனில் படம் பிடித்தார்கள். அது உங்களுக்கு வந்தால் அழித்துவிடவும்.

மொத்தம் 525 கிலோ. உங்கள் மாப்பிள்ளையின் லேப்டாப் சொன்னதைவிடவும் குறைவு. அறை 650-க்குள் இருந்தால் போதும் என்றீர்கள், இப்போது 125 கிலோ கையில் நிற்கிறது. கதவைத் தேக்கில் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். என் மகன் தகரக் கதவுக்குப் பின்னால் தூங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அ. குமாரவேல்


ஏனாத்தூர்
6 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

படம் வந்தது. அழிக்க மாட்டேன். என் மனைவி பொன்னியம்மாள் அதைப் பார்த்து, இவ்வளவு கோபக்காரர் ஏணியில் ஏறுவாரா என்று அதிசயப்பட்டாள்.

அந்த 525-ஐ மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. பட்டறைக்கு எவ்வளவு இரும்பு இறங்கியது என்று எனக்குத் தெரியும், ஏற்றி வந்ததே என் வண்டிதான். எப்படிக் கூட்டினாலும் அந்த எண் வராது. உங்கள் தராசை நான் சந்தேகப்படவில்லை, ஜரிகையையே நிறுக்கிற தராசு. நடுவில் எங்கேயோ ஒன்று கழன்றிருக்கிறது. கணக்கை வரிசையாக எழுதி அனுப்புங்கள். அதுவரை தேக்குக் கதவை நிறுத்தி வையுங்கள்.

தாவீது


பிள்ளையார்பாளையம்
11 ஜூலை 2025

தாவீது அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி வரிசையாக எழுத உட்கார்ந்தேன். ஒட்டுப்பலகை 280, இரும்பு 330, மற்றது 90, ஆக 700. அதற்குக் கீழே நான் என் கையாலேயே 175 கழித்திருக்கிறேன். ஏன் கழித்தேன் என்று எனக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கச்சாப் பட்டு நூலை வாங்கிச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பசை போய்க் கால் பங்கு எடை குறைந்துவிடும். வாங்கும்போதே அந்தக் கால் பங்கைக் கழித்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். பிறந்தது முதல் அப்படியே பழகிவிட்டது. நூல் தராசில் நிறுத்ததும் கை தன்பாட்டில் கழித்துவிட்டது. இரும்பையும் பலகையையும் வேகவைத்த முதல் மனிதன் நான்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம், முக்கியமாக லோகேஷிடம்.

ஆக அறை 700. ஐம்பது கிலோ கூடுதல். உடனே பட்டறைக்குப் போய் உள்சுவர்ப் பலகையை எல்லாம் கழற்றச் சொல்லி, மூன்றில் ஒரு பங்கு கனம் குறைந்த பலகையாக மாற்றச் சொன்னேன். அதிலேயே ஐம்பது குறைந்தது. தேக்குக் கதவு ஆசை போய்விட்டது. இப்போது 650, எதுவும் கழிக்காத 650. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பிள்ளைகள் அந்த எடையோடு மலை ஏறியிருப்பார்கள். நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. ஆவணியில் புறப்படச் சொல்லுங்கள். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று தெரியும், எனக்காக.

குமாரவேல்


ஏனாத்தூர்
20 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஆவணியே இருக்கட்டும். உங்களுக்காக என்று கேட்டுவிட்ட பிறகு நான் என்ன சொல்வது. லோகேஷிடம் சொல்லவில்லை. பொன்னியிடம் சொல்லிவிட்டேன், அவள் இரும்புக் கரண்டியை வேகவைக்கட்டுமா என்று தினமும் கேட்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும், மனதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். அறையை ஏற்றுவது உங்கள் ஊரில். அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். திரிஷா நேற்று வந்திருந்தாள். போகும்போது அத்தை மாமாவிடம் சொல்லிக்கொண்டு போகலாமா, வாசலில் நின்றாவது போகலாமா என்று என்னைக் கேட்டாள். ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டாள். உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

தாவீது


பிள்ளையார்பாளையம்
26 ஜூலை 2025

தாவீது அவர்களுக்கு,

உங்களுக்குப் பொய் எழுத இப்போது என்னால் முடியாது. நான் தடுக்கவில்லை. தில்லை சம்மதிக்க மாட்டாள். மகன் தாலி கட்டியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று தொடங்குவாள், தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று முடிப்பாள். அந்த நாலு பேர் யார் என்று உங்களுக்குத் தெரியும், எந்தக் காரணத்துக்காகச் சொல்வார்கள் என்றும் உங்களுக்குத் தெரியும். ஒரு டம்ளர்கூட வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்த நாலு பேருக்குப் பயந்துதான். அவர்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு பலகை பிடித்துக் கொடுத்ததில்லை.

வந்து வாசலில் நின்று திரும்பினால் அந்தப் பெண் அதை எப்படித் தாங்குவாள்? வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டறைக்கு நான் வந்து வழியனுப்புகிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான். மன்னிக்கவும்.

குமாரவேல்


பிள்ளையார்பாளையம்
24 ஆகஸ்ட் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

நடந்ததைப் பிள்ளைகள் போனில் சொல்லியிருப்பார்கள். பாதிதான் சொல்லியிருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

புதன் காலை அறையை ஏற்றினோம். வண்டியைப் பின்னால் எடுத்து அறைக்குக் கீழே நுழைத்தது திரிஷாதான். ஒரே தடவையில் நுழைத்தாள். லோகேஷ் நுழைத்திருந்தால் இன்னும் நுழைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் வண்டியில் போட்டு அனுப்பிய சாமான்களை எல்லாம் அறைக்குள் அடுக்கி, தண்ணீர் நிரப்பி, எல்லாரும் எடை மேடைக்குப் போனோம். 3070 காட்டியது. ஆர்.சி. கணக்குக்கு எண்பது கூடுதல், உங்கள் கணக்குக்கு நூற்றெண்பது. மறுபடியும் எதையாவது வேகவைத்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன்.

கூடுதலை இறக்கியாக வேண்டும். பட்டறையில் வைக்க இடம் இல்லை என்று தேவேந்திரன் கையை விரித்துவிட்டான். பக்கத்தில் இருக்கிற வீடு என் வீடு. வேறு வழியில்லாமல் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. அங்கே பார்த்தால் பாவு இழுத்திருக்கிறார்கள், தறிக்குப் போகிற நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். வண்டி உள்ளே போகாது. தெருமுனையில் நிறுத்திவிட்டுக் கையால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நூலைப் பிடித்தவர்கள் கையை விட்டுவிட்டு உள்ளே போகவும் முடியாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது. நாலு பேர் என்றேனே, அவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

லோகேஷும் திரிஷாவும் உங்கள் கல் கிரைண்டரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் தில்லை நிற்கிறாள். மகனோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் படிக்கு வெளியே நின்றார்கள். திரிஷாவுக்கு முகமெல்லாம் வேர்வை, விரல்கள் கல்லின் கனத்தில் சிவந்துவிட்டன. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்க வைக்கட்டும் அத்தை?"

தில்லை தெருவைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள்.

"வெய்யில்ல தூக்கிக்கினு நிக்காதம்மா. உள்ள கொண்டாந்து வையி."

அவ்வளவுதான். மருமகள் முதல் தடவை வீட்டுக்குள் வருவதற்கு நாங்கள் நாளும் பார்க்கவில்லை, ராகுகாலமும் பார்க்கவில்லை. பிறகு தையல் மெஷின் வந்தது, பாத்திரப் பெட்டி வந்தது, அரிசி மூட்டை இரண்டு, இலவம்பஞ்சு மெத்தை. எல்லாம் அவள்தான் முன்னால் நடந்து கொண்டுவந்தாள். தில்லை ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டினாள். ஏலவார்குழலி என்று எதிர்வீட்டுக்காரி, நூலைப் பிடித்தபடியே, மருமகளா என்று கேட்டாள். "பின்ன யாரு?" என்றாள் தில்லை. நான் சமையலறைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மூன்று நாள் இங்கேயே இருந்துவிட்டு நேற்று புறப்பட்டார்கள். போகும்போது மேடையில் சரியாக 2890.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். கிரைண்டர் 35, தையல் மெஷின் 30, பாத்திரப் பெட்டி 45, அரிசி 50, மெத்தை 20. மொத்தம் 180. தண்ணீருக்குக்கூட எடை போட்ட மனிதர் நீங்கள். எடை பார்த்துத்தான் சாவி தருவேன் என்றவர், அன்று சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டு மேடைப் பக்கம் வரவே இல்லை. அந்த அறையில் இருக்கிற பேட்டரிக்கு அந்தக் கிரைண்டர் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது என்பதும் உங்களுக்குத் தெரியாததா? நான் பட்டு நூலை வேகவைத்துப் பழகியவன், தப்புக் கணக்குப் போட்டேன். நீங்கள் அப்படிப் போடுகிற ஆள் இல்லை.

எல்லாவற்றையும் ஏனாத்தூருக்கு அனுப்பிவிடட்டுமா என்று தில்லையைக் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் கிரைண்டர் சத்தம் போடுகிறதாம். அதற்கு ஒரு குறையும் இல்லை, போன தையில் வாங்கியது. ஆனால் நேற்று உங்கள் கிரைண்டரில்தான் அரிசி போட்டாள். இன்று காலை அந்த மாவில் இட்லி. நான் ஆறு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சம்பந்தியம்மாவும் சாப்பிட வர வேண்டும். இதைத் தில்லை எழுதச் சொன்னாள். நானும் எழுதுகிறேன்.

குமாரவேல்


ஏனாத்தூர்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தைப் பொன்னி சத்தமாக வாசித்தாள். "உள்ள கொண்டாந்து வையி" வரும்போது நின்றுவிட்டாள். மீதியை நான் வாசித்தேன், எனக்கும் கண்ணாடி மங்கிவிட்டது. பிறகு ஆறு இட்லியா என்று கேட்டாள், சிரித்துவிட்டோம்.

வயசாகிவிட்டது சம்பந்தி, கணக்கில் அங்கங்கே ஒரு நூற்றெண்பது கூடிப்போவது சகஜம். பிள்ளைகள் ஓங்கோல் தாண்டிவிட்டார்களாம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வருகிறோம். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை வெறுங்கையோடு எப்படிப் போவது, பழமாவது பூவாவது வாங்குங்கள் என்று பொன்னி இரண்டு நாளாக என்னை நச்சரிக்கிறாள். வெறுங்கையோடுதான் வருவேன். கொண்டுவர வேண்டியதை எல்லாம் என் மகள் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

தாவீது